கருத்தடை ஆபரேஷனை எந்த டாக்டர் செய்யலாம்? குடும்ப நலப் பயிற்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

"ஆபரேஷனுக்குப் பெரிய டாக்டர் வருவாங்களா, சின்ன டாக்டரே பண்ணிடுவாங்களா?" தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரசவ வார்டு வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. எம்பிபிஎஸ் மட்டும் முடித்தவர் சின்ன டாக்டர், மேற்படிப்பு முடித்தவர் பெரிய டாக்டர் என்பது கேட்பவரின் கணக்கு. பெரியவருக்கு எல்லாம் தெரியும், சின்னவர் கையில் கத்தியைக் கொடுக்கக் கூடாது என்று அந்தக் கணக்கு போகும். இதற்கு நேர்மாறாக, "லேடி டாக்டர் இருந்தா போதும், எல்லாம் பார்த்துப்பாங்க" என்று நினைப்பவர்களும் உண்டு.

இரண்டுமே சரியில்லை. குடும்ப நலச் சிகிச்சையில் பட்டம் ஒரு படி மட்டுமே. காப்பர் டி போடுவது, கருக்குழாயைக் கட்டுவது, ஆண்களுக்கான கருத்தடை, கருக்கலைப்பு, ஸ்கேன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சியும் தனித்தனித் தகுதியும் இருக்கின்றன. ஒன்றில் தேர்ந்தவர் இன்னொன்றைத் தொடவே கூடாது என்ற நிலையும் வரலாம்.

## லைசென்ஸ் இருந்தால் எல்லா வண்டியும் ஓட்டலாமா?

டிரைவிங் லைசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு ஒரு வகை, காருக்கு ஒரு வகை, கனரக வண்டிக்கு வேறு வகை. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் பதினாறு சக்கர லாரியில் ஏறி உட்கார முடியாது. அதற்கான லைசென்ஸ் உள்ளவர்களிலும் எல்லோரும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரே மாதிரி இறங்குவதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு பிரேக் பிடிக்காமல் போகிறவரிடமும் லைசென்ஸ் இருக்கத்தான் செய்கிறது.

டாக்டர் விஷயத்திலும் இப்படி மூன்று கேள்விகள் உண்டு. பட்டம் என்ன? இந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி எடுத்தவரா? இடையில் சிக்கல் வந்தால் சமாளிக்கத் தெரியுமா? மக்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

## பட்டப் படிப்பு

எம்பிபிஎஸ் நாலரை வருடம். அதன்பின் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அந்த ஒரு வருடத்தில் மகப்பேறு வார்டிலும் குடும்ப நலப் பிரிவிலும் கட்டாயம் வேலை பார்க்க வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இலும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியிலும் தொடங்கி வைக்கப்பட்டன. வார்டில் இளம் டாக்டர்கள் கூட்டமாக நிற்பது இதனால்தான். அவர்கள் மேற்பார்வையில் வேலை செய்பவர்கள். தனியாக முடிவெடுப்பவர்கள் அல்ல.

அடுத்தது மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவ மேற்படிப்பு. எம்எஸ் அல்லது எம்டி என்றால் மூன்று வருடம். டிஎன்பி என்பது தேசியத் தேர்வு வாரியம் தரும் அதே தரத்துப் பட்டம். டிஜிஓ இரண்டு வருட டிப்ளமோ. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய பல மகப்பேறு மருத்துவர்களின் பெயர்ப்பலகையில் இதைப் பார்க்கலாம். மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை அளவில் வேலை செய்ய வேண்டும் என்ற விதியும் இப்போது உண்டு. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியிலேயே படித்து முடித்தவருக்கு ரத்த வங்கி தூரத்தில் இருக்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க வந்த நல்ல விதி இது.

இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சிறப்புப் பட்டம் கிடையாது. மகப்பேறு மேற்படிப்புக்குள்ளேயே அது ஒரு பகுதி. வேறு நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவில் நான்கு வருட மகப்பேறு பயிற்சிக்குப் பிறகு, சிக்கலான கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் மட்டும் இரண்டு வருட உயர் பயிற்சி இருக்கிறது. 2018இல் அதைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் 2010 முதல் சமூகப் பாலியல், இனப்பெருக்க நலம் என்று ஆறு வருடத் தனிச் சிறப்புப் படிப்பே உண்டு.

ஓசூர் சாலையோரப் பலகைகளில் பார்க்கும் குழந்தையின்மைச் சிகிச்சை இதிலிருந்து வேறு. அதற்கு மேற்படிப்புக்குப் பின் இரண்டு வருட உயர் பயிற்சி தனியாக இருக்கிறது. குழந்தையின்மை நிபுணர் என்பதாலேயே கருத்தடையிலும் கைதேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியாது.

சுருக்கமாக: எம்பிபிஎஸ் அடித்தளம், மகப்பேறு மேற்படிப்பு அதற்கு மேல் மூன்று வருடம். கருத்தடை வேலைகளுக்கான அனுமதி இந்த இரண்டிலும் தானாக வந்துவிடாது. அது அடுத்த படி.

## வேலைவாரியாகப் பயிற்சி

அரசுத் திட்டத்தில் ஒவ்வொரு முறைக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுத்திருக்கிறார்கள். வயிற்றில் சிறு கீறல் போட்டுக் கருக்குழாயைக் கட்டும் ஆபரேஷனுக்கு, அதாவது மினிலாப்புக்கு, 12 வேலை நாட்கள். தழும்பில்லாத ஆண் கருத்தடைக்கு 5 வேலை நாட்கள். பிரசவத்தை ஒட்டிக் காப்பர் டி போடுவதற்கு 3 நாட்கள். பாதுகாப்பான கருக்கலைப்புக்கு 12 நாட்கள். இவற்றையெல்லாம் எம்பிபிஎஸ் டாக்டரே பயிற்சி பெற்றுச் செய்யலாம். காப்பர் டியைப் பயிற்சி பெற்ற செவிலியரும் போடலாம்.

லேப்ராஸ்கோப் விஷயம் வேறு. தொப்புள் வழியாகக் கருவியை விட்டு, வயிற்றில் வாயுவை நிரப்பி, குழாயில் சிறு வளையம் மாட்டும் முறை அது. மகப்பேறு மேற்படிப்போ அறுவை சிகிச்சை மேற்படிப்போ முடித்தவர்தான் அதைக் கற்றுக்கொள்ள முடியும். கூர்முனைக் கருவி உள்ளே போகும்போது குடலையோ பெரிய ரத்தக் குழாயையோ தொட்டுவிட்டால் அந்த இடத்திலேயே வயிற்றைத் திறந்து சரிசெய்ய வேண்டும். அதற்கான கை எம்பிபிஎஸ் படிப்பில் வந்திருக்காது.

"பன்னிரண்டு நாளில் ஆபரேஷன் கத்துக்க முடியுமா?" நியாயமான சந்தேகம். பயிற்சிக்கு வருபவர் ஏற்கெனவே டாக்டர். உடற்கூறும் தையலும் மயக்க மருந்தும் தெரிந்தவர். அவருக்குப் புதிது இந்த ஒரு ஆபரேஷன் மட்டும்தான். முதலில் பார்ப்பார், பிறகு கூட நின்று உதவுவார், பிறகு பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கத் தானே செய்வார். கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். நாட்கள் முடிந்தாலும் கை பழகவில்லை என்றால் சான்றிதழ் தரக் கூடாது என்பதே விதி.

## மினிலாப்பில் எங்கே தப்பு நடக்கும்?

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதில் பெரும்பகுதி பிரசவத்தை ஒட்டி நடப்பது. அதனால் இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

சுகப்பிரசவமான பிறகு கருப்பை தொப்புள் அளவுக்கு மேலே நிற்கும். கருக்குழாய்களும் அங்கேயே எட்டும் தூரத்தில் இருக்கும். ஆகவே தொப்புளுக்குக் கீழே சிறு கீறல் போதும். இந்த வசதி ஏழு நாள்தான். அதற்குப் பிறகு கருப்பை சுருங்கிக் கீழே இறங்கிவிடும், கிருமித் தொற்று அபாயமும் கூடும். ஆறு வாரம் கழித்துத்தான் மறுபடி செய்வார்கள், அப்போது கீறல் அடிவயிற்றில். பிரசவமான உடனே லேப்ராஸ்கோப் செய்வதில்லை. பெரிதாக, மென்மையாக இருக்கும் கருப்பையில் கருவி குத்திவிடும்.

தியேட்டருக்குள் போகுமுன் நர்ஸ், "ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடும்மா" என்று விரட்டுவது சும்மா அல்ல. நிறைந்த சிறுநீர்ப்பை கீறல் போடும் இடத்துக்கே ஏறி வந்து நிற்கும். கத்தி அதில் படுவது இந்த ஆபரேஷனில் தெரிந்த ஆபத்து.

உள்ளே போனதும் டாக்டர் குழாயை மெல்லப் பிடித்து வெளியே இழுப்பார். புதிதாகப் பழகுபவர் தடுமாறும் இடம் இதுதான். கருப்பையின் அதே மூலையிலிருந்து, அதே தடிமனில், கருப்பையைத் தாங்கும் தசைநார் ஒன்றும் புறப்படுகிறது. சின்னக் கீறல் வழியே பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியும். தசைநாரைக் கட்டி வெட்டிவிட்டு வந்தால் ஆபரேஷன் நடந்த மாதிரியே இருக்கும், தையலும் இருக்கும், ஒரு வருடத்தில் கர்ப்பமும் இருக்கும். இதைத் தடுக்க ஒரே வழி, பிடித்ததை அதன் நுனி வரை தொடர்ந்து போய்ப் பார்ப்பது. கருக்குழாயின் நுனி விரல்களை விரித்தது போல இருக்கும், தசைநாருக்கு அப்படி இல்லை. அந்த நுனியைக் கண்ணால் பார்க்காமல் கட்டக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

பிறகு குழாயை ஒரு வளைவாகத் தூக்கி, அடியில் கேட்கட் நூலால் கட்டி, சுமார் ஒரு சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுப்பார்கள். கேட்கட் என்பது உடலிலேயே கரைந்துவிடும் நூல். கரையாத நூலால் கட்டினால் வெட்டிய இரண்டு முனைகளும் ஒட்டியே கிடக்கும், மறுபடி இணையவும் வழி பிறக்கும். நூல் கரைந்தால் முனைகள் விலகிவிடும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் முதல் வருடத்தில் இருநூறு பேரில் ஒருவருக்குக் கர்ப்பம் தரிக்கலாம். அதை டாக்டரின் கவனக்குறைவு என்று உடனே சொல்லிவிட முடியாது.

## ஆண் கருத்தடை, காப்பர் டி

தழும்பில்லாத ஆண் கருத்தடையில் கத்தியே கிடையாது. மூன்று விரல்களால் விந்துக்குழாயைத் தோலுக்கு அடியில் அசையாமல் நிறுத்தி, கூர்முனை இடுக்கியால் ஒரு துளை போட்டுக் குழாயை வெளியே எடுத்துக் கட்டுவார்கள். தையல் வேண்டாம். பெண்களுக்கான ஆபரேஷனைவிட எளிது, பாதுகாப்பும் அதிகம். பயிற்சி நாட்கள் குறைவாக இருப்பதும் அதனால்தான். ஆனால் செய்துகொள்ள முன்வரும் ஆண்கள் இங்கே நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பயிற்சி எடுத்த டாக்டருக்குக் கை மறந்து போகிறது. ஆண் ஆபரேஷனுக்குப் போகிறவர், டாக்டர் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்பதோடு அண்மையில் செய்திருக்கிறாரா என்றும் கேட்பது நல்லது. இன்னொன்று: செய்த அன்றே பலன் வராது. மேலே தங்கியிருக்கும் விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை, அதன்பின் விந்துப் பரிசோதனை. பரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள்தான் "ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சு" என்று பிறகு வருகிறார்கள்.

பிரசவத்தை ஒட்டிப் போடும் காப்பர் டியில் நேரமும் இடமும் முக்கியம். நஞ்சுக்கொடி வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள் போடுவது மிகச் சிறந்தது. தவறினால் 48 மணி நேரத்துக்குள். அதையும் தாண்டினால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கருப்பையின் உச்சி வரை கொண்டுபோய் வைக்காமல் பாதியில் விட்டால், கருப்பை சுருங்கும்போது வெளியே தள்ளிவிடும். 'காப்பர் டி விழுந்துடுச்சு' என்பதில் பல, போட்ட கை செய்த பிழை. நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பது மட்டும் கட்டுக்கதை. கருப்பைச் சுவரைத் துளைத்துப் போவது மிக அரிதாக நடக்கும், அப்போதும் அது வயிற்றுக்குள்தான் இருக்கும்.

சுருக்கமாக: எளிய முறை என்றாலும் தப்பு நடக்கும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. பயிற்சி என்பது பெரும்பாலும் அந்த இடத்தைக் கையில் ஏற்றுவதுதான்.

## யாருக்கு எந்த முறை?

பயிற்சியில் ஆபரேஷனைவிடக் கடினமான பகுதி இது. உலக சுகாதார நிறுவனம் ஒரு தகுதிப் பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு உடல்நிலைக்கும் ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் 1 முதல் 4 வரை எண். 1 என்றால் தாராளமாகத் தரலாம். 2 என்றால் நன்மையே அதிகம். 3 என்றால் தீமை அதிகம், வேறு வழி இல்லாவிட்டால் மட்டும். 4 என்றால் தரவே கூடாது.

மாலா-என் போன்ற இரட்டை ஹார்மோன் மாத்திரையைப் பாருங்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் பால் கொடுக்கும் தாய்க்கு 4. ரத்த அழுத்தம் 160/100க்கு மேல் என்றாலும் 4. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு 3, ஏனென்றால் அந்த மருந்து மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். வலிப்புக்கான சில மருந்துகளும் அப்படியே. ரத்த அழுத்தம் பார்க்காமல், வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் அட்டையை நீட்டுகிறவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்தப் பாடத்தில் தேறாதவர்.

அடுத்தது பேச்சு. டாக்டர் கேட்பார், "இன்னொரு குழந்தை வேணும்னு நினைப்பு இருக்காம்மா?" பதில் மாமியாரிடமிருந்து வரும். "அதெல்லாம் வேணாங்க, ரெண்டு போதும், பண்ணி விட்டுடுங்க." மாமியாரைப் பக்குவமாக வெளியே உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்கத் தெரிவது ஒரு திறமை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் அதைக் கன்னடத்திலோ தெலுங்கிலோ கேட்க வேண்டியிருக்கும். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துதான் செல்லும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, மேசையில் படுத்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு.

வந்தவர் பதினாறு, பதினேழு வயது மனைவி என்றால் டாக்டரின் பொறுப்பு இன்னும் கூடும். மலைக்கிராமங்களில் இது நடக்காத விஷயம் அல்ல. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும், அதே சமயம் அந்தப் பெண் பயந்து சிகிச்சையை விட்டு ஓடிவிடவும் கூடாது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்கு வரும் அந்தச் சிறுமியின் அடையாளத்தைத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது டாக்டர்களுக்குப் பெரிய ஆறுதல்.

## கருக்கலைப்பும் ஸ்கேனும்

இங்கே தகுதியைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 9 வாரம் வரை மாத்திரை மூலம் கலைக்க, மகப்பேறு பிரிவில் மூன்று மாத அனுபவம் அல்லது மேற்பார்வையில் பத்துப் பேருக்குச் செய்த அனுபவம் வேண்டும். 12 வாரம் வரை என்றால், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 25 பேருக்கு உதவி, அதில் ஐந்தைத் தானே செய்திருந்தால் போதும். அதற்கு மேல் போக, மகப்பேறு மேற்படிப்போ அந்தத் துறையில் விதியில் சொன்ன அளவு அனுபவமோ கட்டாயம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி படித்தவர்களுக்கு இந்த அனுமதி இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தானே போடுவதில் உள்ள ஆபத்தும் இங்கேதான் புரியும். பயிற்சி பெற்றவர் முதலில் பார்ப்பது கரு எத்தனை வாரம், எங்கே இருக்கிறது என்பதை. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை இந்த மாத்திரை கலைக்காது. லேசாக உதிரம் போவதைப் பார்த்து "கலைஞ்சிடுச்சு" என்று பெண் நினைப்பார். உள்ளே குழாய் வெடிக்கும்.

ஸ்கேனுக்கும் தனிப் பயிற்சி. எம்பிபிஎஸ் மட்டும் படித்தவர் கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்ய ஆறு மாதப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது 2014ஆம் வருட விதி. தர்மபுரிக்கு இதில் வேதனையான வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தது. ஸ்கேன் பார்த்து, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்கிறேன் என்பவர் யாராக இருந்தாலும், பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றவாளிதான்.

## டாக்டர் சரி, இடம்?

2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே நடந்த முகாமில் ஒரே சர்ஜன் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அவர் அனுபவம் இல்லாதவர் அல்ல. ஒரு குழு ஒரு நாளில் 30க்கு மேல் செய்யக் கூடாது என்ற வரம்பு அப்போதே இருந்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

ஆகவே பயிற்சி பெற்றவர் என்பது மட்டும் போதாது. ஆபரேஷனுக்கு முன் ஹீமோகுளோபின் குறைந்தது 7, ரத்த அழுத்தம், சிறுநீரில் சர்க்கரையும் ஆல்புமினும், பிரசவத்தை ஒட்டி அல்லாதவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை ஆகியவை பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்கு வயது 22 முதல் 49க்குள், குறைந்தது ஒரு குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். தகுதி பெற்ற டாக்டர்களின் பட்டியலை மாவட்டத் தரக் குழு வைத்திருக்கும். தனியார் டாக்டர் மீது சந்தேகம் என்றால் பதிவு எண்ணைக் கேட்டுத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பார்க்கலாம். போலி டாக்டர்கள் பிடிபடும் மாவட்டங்கள் இவை, கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு 48 மணி நேரத்தில் ஒரு முறை, ஏழாம் நாள் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். சித்தேரி மலை, பெட்டமுகிலாளம் போன்ற ஊர்க்காரர்கள் கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டே கிளம்புவது நல்லது. காய்ச்சல், வயிறு உப்பி வலிப்பது, காயத்தில் சீழ், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஏழாம் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

கருத்தடைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எப்போதாவது மாதவிலக்கு தள்ளிப் போனால் "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே" என்று இருந்துவிடாமல் இரண்டு வாரத்துக்குள் பரிசோதித்துவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் தரிக்கும் கர்ப்பம் குழாயிலேயே தங்கும் வாய்ப்பு அதிகம். தோல்வி உறுதியானால் அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.